ஒன்பது கறுப்புக் கட்டம்

தாய்மாமன் சீராக நான் வைத்த போர்வை கல்யாணச் சபையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதில் ஒன்பது கட்டம் கறுப்பு. நடந்தது இவ்வளவுதான்.

பையை முழங்கையால் அழுத்தாதீர்கள் தம்பி. இதில் இருப்பது அந்தப் போர்வை இல்லை, வேறு. இவ்வளவு பெரிய பையை மேலே போடாமல் ஏன் மடியில் வைத்திருக்கிறேன் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். காங்கேயம் போக இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. நடுவில் தூங்கினால் நிறுத்திவிடுவேன்.

நான் கட்டிங் மாஸ்டர். கரூரில் நாற்பத்தொரு வருஷம். போர்வை, மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. பேர் எதற்கு? நாச்சிமுத்து மாஸ்டர் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். நூறு துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கோடு போட்டு, ஒரே வெட்டு. மேல் துணிக்கும் அடித்துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. ஆனால் வெட்டு பெரிதில்லை. நிறம்தான் பெரிது. ஒரே நீலத்தை இன்றைக்குச் சாயம் போட்டால் ஒரு மாதிரி இருக்கும், நாளைக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கும். கலந்து தைத்துவிட்டால் சரக்கு மொத்தமும் கப்பலில் திரும்பி வரும். நிறத்தைப் பிரித்துப் பார்க்க முதலாளி மெஷின் வாங்கினார். மெஷின் ஒன்று சொல்லும், நான் ஒன்று சொல்வேன். முதலாளி என்னைத்தான் கேட்பார். அந்தக் கண் இது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை ருக்குமணிக்கு மூன்று பெண்கள். மாமன் சீர் என்றால் எல்லோரும் என்ன வைப்பார்கள்? கடையில் வாங்கிய பட்டு, கடையில் வாங்கிய தட்டு. நான் போர்வை வைப்பேன். வீட்டில் தைத்தது. துணி நான் எடுப்பேன், கணக்கு நான் போடுவேன், வெட்டு என்னுடையது. தையல் மட்டும் வீட்டுக்காரி. பேர் மயிலாத்தாள். மூத்தவளுக்குப் படிக்கட்டுப் போல ஏறி இறங்குகிற மாதிரி, அரக்கும் சந்தனமும். அடுத்தவளுக்குப் பாய்ப் பின்னல் மாதிரி, இரண்டு பச்சை. இரண்டும் இன்றைக்கும் கட்டிலில் கிடக்கின்றன. ஒரு தையல் விட்டதில்லை.

போர்வைக்குத் துணி எடுப்பது புடவை எடுப்பது மாதிரி இல்லை. பருத்தி என்றால் முழுக்கப் பருத்தி. ஒரு துண்டு பாலியெஸ்டர் நுழைந்தால் முதல் துவையலில் பருத்தி சுருங்கும், அது சுருங்காது, போர்வை அப்பளம் மாதிரி எழும்பும். எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். பூப்போட்டது பக்கத்தில் பூப்போட்டது கூடாது. கண்ணுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். பெண்பிள்ளைகளை எடுக்கச் சொன்னால் பூப்பூவாக எடுப்பார்கள். அதனால் நான் கேட்பதே இல்லை.

மூன்றாவது பெண் மோகனப்பிரியா. போன ஆவணியில் கல்யாணம். அவளுக்கு எட்டு முனை நட்சத்திரம் என்று முடிவு செய்தேன். வெள்ளையும் நேவி நீலமும். மொத்தம் நாற்பத்தொன்பது கட்டம். இருபத்துநாலு நட்சத்திரம், நடுநடுவே இருபத்தைந்து வெற்று வெள்ளை. இரண்டே நிறம். இதில் தப்புப் பண்ண முடியுமா? முடியும். என் வீட்டுக்காரியால் முடியும்.

முதல் தகராறு வெள்ளையில் வந்தது. பத்து மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தாள். பழுப்படித்தது.

"என்னடி இது?"

"வெள்ளைதானுங்க."

"டீ வடிகட்டின துணியாட்டம் இருக்குது, வெள்ளையாம். ப்ளீச்சிங் பவுடர்ல போடு."

போட்டாள். அப்படியேதான் இருந்தது. மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். மூன்றாம் தடவை சொன்னபோது கையை நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து உரிந்திருந்தது. கை உரிந்தால் தோல் வளரும், போடு என்றேன். போட்டாள். துணி இற்றுப்போய், பிழியும்போதே கிழிந்தது. அலட்சியத்தைப் பாருங்கள். பத்து மீட்டர்! வேறு வாங்கினேன். அதுவும் பழுப்பு. இப்போது மில்லிலேயே அப்படித்தான் வருகிறது போலிருக்கிறது. வெள்ளை என்றால் என்னவென்று ஊரில் எவனுக்கும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் போட்டிருக்கிற சட்டையும் பழுப்புத்தான். வீட்டில் சொல்லுங்கள்.

சரி போ என்று அதையே வெட்டிக் கொடுத்தேன். தைக்க ஆரம்பித்தாள்.

நட்சத்திரம் லேசில்லை. எட்டு முனையும் நடுவில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் கண்ணில் குத்தும். அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். கை சுத்தம். காலையில் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். முந்தின நாள் தைத்ததைக் கொண்டுவந்து நீட்டுவாள். வெயிலில் பிடித்துப் பார்த்துச் சரி என்பேன். பதினைந்து கட்டம் அப்படித் தேறியது.

பிறகு ஆடிக் காற்று வந்தது. வாசலில் உட்கார முடியவில்லை, ஒரே புழுதி, மேகம். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். மீதி ஒன்பதையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். கறுப்பு! தம்பி, ஒன்பதும் கறுப்பு.

"எங்கிருந்து எடுத்தே இத?"

"அதே துணியிலங்க. நீங்க வெட்டிக் குடுத்ததுதானுங்க."

"நான் வெட்டினது நீலம். இது கறுப்பு."

"நீலம்ங்க. ஒருக்கா வாசல்ல வந்து பாருங்க."

"வாசலுக்கு வந்தா கறுப்பு நீலமாயிருமா?"

கல்யாணச் சீரில் கறுப்பு வைக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்கு என் தங்கைமேல் என்றைக்கும் ஒரு இது உண்டு. வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஒன்பதையும் பிரி என்றேன்.

ஒரு நட்சத்திரத்துக்கு முனை எட்டு, ஒன்பதுக்கு எழுபத்திரண்டு. பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து எடுக்க வேண்டும். முனைகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளை முக்கோணம் கிழியக் கூடாது. ஒரு வாரம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், இல்லாவிட்டால் ஏமாற்றுவாள். பிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் விட்டாள். அந்தப் பக்கம் திரும்பி அழு, துணியில் விழுந்தால் உப்புக் கறை நிற்கும் என்றேன். திரும்பிக்கொண்டாள்.

பிரித்த நீலத்தை... அதாவது அந்தக் கறுப்பை, குப்பையில் போடச் சொன்னேன். போட்டுவிட்டேன் என்றாள்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்தாள். எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், இன்னும் இருக்கிறாள். எனக்குக் கீழே வேலை பார்த்தவள். வீட்டுக்காரிதான் கூப்பிட்டிருப்பாள். வந்தவள் ஒரு கட்டத்தை எடுத்துப் பார்த்தாள்.

"மாஸ்டர், இது நேவி."

"மயிலாத்தா உனக்கு என்ன குடுத்தா?"

"ஐயோ மாஸ்டர். மயிலாத்தாக்கா ஒண்ணும் குடுக்கல. ஞாயித்துக்கிழமை எங்க சர்ச் ஹால்ல கண்ணுக்கு கேம்ப் போடறாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். பத்து நிமிசம்தான்."

"யாரை?"

அவள் மயிலாத்தாளைப் பார்த்தாள், மயிலாத்தாள் தரையைப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"சிவப்பு நூலுக்கு ஆரஞ்சு நூலைப் போட்ட முந்நூறு தலையணை உறையைப் பாஸ் பண்ணி உட்டவ நீ. என் கண்ணப் பாக்கச் சொல்ற ஆளு நீயா?"

"அது பதினஞ்சு வருசம் ஆச்சு மாஸ்டர். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அந்த உறையை என் கழுத்துல கட்டி நிக்க வெச்சீங்க. இன்னும் மறக்கலீங்களா?"

"நீ மறந்துட்டியா?"

"இல்லீங்க மாஸ்டர்."

போய்விட்டாள். அப்படி நிற்க வைத்ததால்தான் இன்றைக்கு நல்ல செக்கராக இருக்கிறாள். நன்றி கிடையாது.

இது என்ன ஊர், தென்னிலையா? போர்டில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். இப்போது எல்லாவற்றிலும் கஞ்சத்தனம். பரமத்தியா? இன்னும் பரமத்தியே தாண்டவில்லையா? சரி.

ஒன்பது கட்டத்துக்குத் துணி வேண்டும். இனி இவளை நம்ப முடியாது. மிச்சத் துணி போட்டுவைக்கிற இரும்புப் பெட்டியை நானே திறந்தேன். நான் வெட்டிய நேவி என்ன ரகம், என்ன கனம், மடித்தால் எப்படி மடியும், எல்லாம் என் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அப்படித்தான் எடுத்தேன். அதே ரகம், அதே வழவழப்பு. இந்தா என்று நீட்டினேன்.

"இது கறுப்புங்க."

"நேவி."

"ரகம் ஒண்ணுதானுங்க. ஆனா இது கறுப்பு. குடை உறைக்குன்னு நீங்க கொண்டாந்த மிச்சம். வேண்டாமுங்க. கல்யாணச் சீருங்க. புள்ள நல்லா இருக்கோணும்ங்க."

நீலத்தைக் கறுப்பு என்றால் கறுப்பு என்கிறாள், கறுப்பை நீலம் என்கிறாள்... எனக்கே குழம்புகிறது பாருங்கள், அந்த அளவுக்குப் பேசுவாள். அடிக்கோலை எடுத்து விரல்மேல் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டுத்தான், அடி இல்லை. ப்ளீச்சிங்கில் உரிந்த விரல், அதனால் கொஞ்சம் அதிகமாகக் கத்தினாள்.

தைத்தாள்.

கல்யாணம் காங்கேயத்தில், மாப்பிள்ளை ஊரில். பெரிய மண்டபம். மாமன் சீர் வரிசையாகத் தட்டில் வந்தது. போர்வையை நானே கையில் எடுத்து, ருக்குமணி ஒரு முனையைப் பிடிக்க, சபைக்கு நேராக விரித்தேன்.

சத்தம் நின்றது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு பின்னால் யாரோ ஒருத்தி எண்ணுகிறாள். "ஏழு, எட்டு, ஒம்பது. ஒம்பது கட்டம் கறுப்புடி." இன்னொருத்தி, "மாமனா, எமனா?" என்கிறாள். சிரிப்பு. எனக்கானால் இருபத்துநாலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே அத்தனை பாடு!

சம்பந்தியம்மா எழுந்து வந்தாள். மரியாதையான பெண்பிள்ளை. போர்வையை மெதுவாக மடித்து என் கையிலேயே வைத்தாள். "மாமன் ஆசையாக் கொண்டாந்தது, தப்பா நெனைக்காதீங்க. புதுப்பொண்ணு படுக்கையில கறுப்பு வேண்டாமுங்க. கொண்டு போயிருங்க." ருக்குமணி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். மணப்பெண் என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கட்டிங் மாஸ்டர், நிறம் பார்ப்பதில் புலி என்று பேர் வாங்கியவன். அப்போதுதான் வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தானுங்க. பெட்டியில கறுப்ப எடுத்து வெச்சுத் தெச்சுட்டேன். அவருக்குத் தெரியாதுங்க. அவருமேல தப்பில்லீங்க."

கேட்டீர்களா? அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள்! நானூறு பேர் சாட்சி. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. பெட்டியில் மாற்றி வைத்துவிட்டுத்தான் அத்தனை நாடகமும். நான் சும்மா விடவில்லை. அங்கேயே கேட்டேன், "என் மானத்தை வாங்கறதுக்குன்னே எங்கூட இருக்கறயாடி?" கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, சபை பாருங்கள். சம்பந்தியம்மா காலில் விழு என்றேன். அந்த அம்மாவைவிட இவள் ஏழெட்டு வயது மூத்தவள். விழுந்தாள். அந்த அம்மா பதறி, "ஐயையோ, எந்திரிங்க" என்று விலகிப் போனாள். எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. யாரோ தூக்கிவிட்டார்கள். பந்தியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமலே பஸ் ஏறினோம். அதாவது, அவள் சாப்பிடவில்லை.

பஸ் வெள்ளகோவில் வந்தது. அப்போது ஒன்றே ஒன்று சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"இனி நீங்க சொல்றதுதானுங்க நிறம்."

இதைக் கல்யாணமான புதிதில், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெண்பிள்ளைக்குப் புத்தி வர ஒரு சபை தேவைப்படுகிறது.

அன்றிலிருந்து வீடு அமைதி. பொய் சொல்லக் கூடாது, எதிர்ப்பேச்சே இல்லை. ஒருநாள் செருப்புப் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரன் சிரிக்கிறான். ஒரு கால் கறுப்பாம், ஒரு கால் காப்பி நிறமாம். வீட்டுக்கு வந்து கேட்டேன், "ஒரே ஜோடிதானே?" "ஒரே ஜோடிங்க." கடைக்காரனுக்குக் கண் சரியில்லை. இன்னொரு நாள் துண்டு என்று எதையோ தோளில் போட்டுக்கொண்டு மண்டி வரைக்கும் போய்விட்டேன், பெண்பிள்ளை உள்பாவாடை என்றான் ஒருத்தன். "துண்டுதானே?" "துண்டுங்க." அப்புறம் என்ன? ஊரே பொறாமை பிடித்து அலைகிறது.

தையில் ருக்குமணி போன் செய்தாள். மோகனப்பிரியா முழுகாமல் இருக்கிறாளாம், வைகாசியில் வளைகாப்பு. மாமன் கொடுத்தது திரும்பி வந்தது என்ற பேச்சு அந்த வீட்டில் நிற்கக் கூடாது. அதே சபையில், அதே ஆட்கள் முன்னால், அதே நட்சத்திரத்தை விரித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை தப்பினால் தாய்மாமன் என்று நான் அந்த வாசலை மிதிக்க முடியாது தம்பி. பிள்ளைத்தாய்ச்சிக்கு வைக்கிற சீர். புரிகிறதா?

அதனால் ஒவ்வொரு துண்டையும் நானே எடுத்தேன். எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டேன்.

"நேவிதானே?"

"நேவிங்க."

"வெள்ளைதானே?"

"வெள்ளைங்க."

சிலது எனக்கே கொஞ்சம் மஞ்சளடித்த மாதிரி இருந்தது. நன்றாகப் பார், வெள்ளைதானே என்று இரண்டாவது தடவை கேட்டேன். "பாலாட்டம் வெள்ளைங்க" என்றாள். பல்பு சரியில்லை. இப்போது விற்கிற பல்பைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் வளையமாகத்தான் தெரிகிறது. ஒரு தகராறும் இல்லை. ஒரு கட்டம் பிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் முடித்துவிட்டாள். அவ்வளவு சுறுசுறுப்பு.

சுறுசுறுப்பாக முடித்துவிட்டு, மத்தியானமானால் ஜெசிந்தா வீட்டுக்குப் போய்விடுவாள். டிவி பார்க்கவாம். மூன்று மாதம் தினமும். அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். ஜெசிந்தா அந்நேரம் கம்பெனியில் அல்லவா இருப்பாள் என்று ஒருநாள் தோன்றியது. எனக்கென்ன? வேலையை முடித்துவிட்டுப் போகிறாள், போகட்டும்.

நேற்று ருக்குமணி மறுபடி போன் செய்தாள். இவளுக்கு வயதாகிவிட்டது, என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

"அண்ணா, போர்வை வந்து சேந்துருச்சுங்கண்ணா. வெள்ளையும் நீலமும் கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குது. சம்பந்தியம்மா தடவித் தடவிப் பாக்கறாங்க. மோகனா இப்பவே மடியில போட்டுட்டு உக்காந்திருக்கா."

"என்ன உளர்றே? போர்வை இங்க என் பக்கத்துல இருக்குது."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அது சரிங்கண்ணா. நீ கொண்டு வர்றதையும் கொண்டா. ஆனா சபையில விரிக்க வேண்டாம். எங்கிட்டக் குடுத்துரு, நான் உள்ள வெச்சுக்கறேன்."

"ஏன் விரிக்கக் கூடாது? மாமன் நானா, நீயா?"

"சொன்னாக் கேளுங்கண்ணா. அண்ணியும்..."

"அண்ணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

வைத்துவிட்டாள். யாரோ கொடுத்த கடைப் போர்வையை நான் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. கடைப் போர்வையைச் சபையில் காட்டிவிட்டு என்னுடையதை உள்ளே வைப்பார்களாம். விடுவேனா? வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்கதானுங்க மாமன். நீங்களே விரிங்க. யாரு கையிலயும் குடுத்துராதீங்க."

அது பேச்சு! முழங்கால் வலி, அதனால் அவள் வரவில்லை. அன்றைக்கு விழுந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. நானும் வற்புறுத்தவில்லை. காலையில் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகம் சரியாகத் தெரியவில்லை, எதிர்வெயில்.

இருங்கள், காட்டுகிறேன். இவ்வளவு நேரம் கேட்டீர்கள், பார்க்க வேண்டாமா? இந்த முனையைப் பிடியுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு பிடியுங்கள். ம். பாருங்கள். எட்டு முனையும் ஒரே புள்ளி. எங்கேயாவது ஒரு தையல் தள்ளியிருக்கிறதா?

என்னம்மா, முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கிறாய்? என்ன கேட்கிறாய்? ஆட்டோ ஓட்டுகிறேனா? நானா? ஆட்டோ சீட்டுக்குத் தைத்த உறையா இது? மஞ்சளும் கறுப்பும் எடுப்பாக இருக்கிறதா? உன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார் தாயே. வெள்ளையும் நேவியும். ஆட்டோவாம்!

எந்த ஊர்க்காரி என்று தெரியவில்லை, பேச வந்துவிட்டாள். சரி, அவள் ஏன் உங்களைப் பார்க்கிறாள்? நீங்கள் ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்? முனையைத் தரையில் விடாதீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள், பஸ் இரைச்சலில் கேட்கவில்லை.

என்ன? சபையில் விரிக்க வேண்டாமா?

நீங்களும் ஜெசிந்தாவுக்குச் சொந்தமா? கண்ணா? என் கண்ணுக்கு என்ன? மெஷினையே தப்பு என்று சொன்ன கண் இது. கொடுங்கள் இப்படி, நானே மடித்துக்கொள்கிறேன். உங்களிடம் பேசியது தப்பு. ஒரு பொருளைப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத காலம்.

வெள்ளகோவில் தாண்டிவிட்டதா? அப்படியானால் கொஞ்ச நேரம்தான். இறங்கும்போது படி எங்கே என்று மட்டும் சொல்லுங்கள், படியிலும் பெயிண்ட் அடிப்பதில்லை இப்போது.

பத்தரைக்கு வளையல் போடுவார்கள். அதற்கு முன்னால் மாமன் சீர். அன்றைக்கு விரித்த அதே இடத்தில் நின்று விரிப்பேன். ஒருத்தி எண்ணினாளே, அவளை முன்னால் வந்து உட்காரச் சொல்வேன். எண்ணட்டும்.

இன்னொன்றும் செய்யப் போகிறேன், இது வீட்டுக்காரிக்கே தெரியாது. அன்றைக்குத் தப்புச் செய்தவள் யார் என்று சபையில் சொன்னேன் அல்லவா? இன்றைக்குச் சரிசெய்ததும் யார் என்று சபையில் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். அடுத்தவர் வேலையை என் பேரில் போட்டுக்கொள்கிறவன் இல்லை நான். நாற்பத்தொரு வருஷமும் அப்படி இருந்ததில்லை. போர்வையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்வேன். துணி நான் எடுத்தது, நிறம் ஒவ்வொன்றையும் பார்த்துச் சரி என்று சொன்னது அவள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குறை இல்லாமல் செய்து கொடுத்தாள். பேரைச் சொல்லியே சொல்வேன்: மயிலாத்தாள்.